மூன்றாம் வகைக் கத்தல்

தட்டிலிருந்து கையை எடுக்காமலேயே டைம்கீப்பர் அறிவித்தார்.

"இன்னையிலேர்ந்து நீ கொல்லைப்பக்கம் போகக் கூடாது."

மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்ளர் நிரம்பிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏன், அங்க என்ன?"

"பாம்பு."

"பார்த்தீங்களா?"

"நான் பார்க்கல. பட்டன் பார்த்துச்சு."

"உங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும்?"

"சொல்லாமயா? ரெண்டு நாளா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கு. எந்நேரமும் மெஷினை மிதிச்சுக்கிட்டிருந்தா உனக்கு எங்கேர்ந்து கேட்கும்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத சமயங்களை அவர் தன் வெற்றி என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் அப்படி அவர் ஜெயித்த சண்டைகள் ஏராளம். ஒன்றில்கூட அவர் சொன்னது நடந்ததில்லை.

பட்டன் ஓர் அணில். அதன் அண்ணன் ஊசி. நான்கு மாதங்களுக்கு முன்னால் மின்கம்பியில் உரசிய கிளைகளை வெட்ட வந்த ஆட்கள், கூட்டோடு சேர்த்து அவற்றையும் தெருவில் தள்ளிவிட்டுப் போனார்கள். கண் திறக்கவில்லை, மேலில் மயிர் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். மனைவி தையற்காரி. வெட்டுத்துணிப் பெட்டியைக் காலிசெய்து, அடியில் வெந்நீர்ப் புட்டியை வைத்து, அதன்மேல் இரண்டையும் படுக்கவைத்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டுக்குழாயில் பால். இரவிலும் அப்படித்தான். டைம்கீப்பர் இரவில் தூங்கினார். ஆனால் மிகுந்த கவலையோடு தூங்கினார்.

கண் திறந்த பிறகு நிலைமை மாறியது. பட்டன் அவர் தோளில் ஏறிக் காதுமடலை முகர்ந்து பார்த்த நாளில், வளர்த்தது யார் என்ற கேள்விக்கு அவர் மனதில் விடை கிடைத்துவிட்டது. "நாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "நான்" என்று சொல்ல ஆரம்பித்தார். கொல்லையிலிருந்த கொய்யா மரத்தில் மரப்பெட்டி கட்டி அணில்களை வெளியே விட்டபோது, பக்கத்து வீட்டு டீச்சரை மதிலோரம் வரவழைத்துச் சிறிதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். சுதந்திரம் பற்றி. மனைவி உள்ளே வெந்நீர்ப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நோட்டுப்புத்தகம் வந்தது.

டைம்கீப்பருக்கு வேலை பேருந்து நிலையத்தில். ஓர் ஆள் உட்காரும் கூண்டு, ஒரு சுவர்க் கடிகாரம், நீளமான பதிவேடு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது. இருபத்திரண்டு வருஷமாக அதை எழுதி எழுதி, நேரம் குறிக்காத ஒரு காரியம் நடந்ததாகவே அவருக்குத் தோன்றாது. அணில்கள் வெளியே போன மறுநாளே ஒரு நோட்டில் கோடு போட்டுவிட்டார். முதல் வகை: உடம்பைக் கிளையோடு ஒட்டித் தட்டையாக்கி, மூச்சுகூடத் தெரியாமல் உறைந்திருந்தால் மேலே பருந்து. இரண்டாம் வகை: விட்டுவிட்டு "சிக், சிக்" என்று சொல்லி, ஒவ்வொரு "சிக்"குக்கும் வாலை ஒருமுறை உதறினால் டீச்சர் வீட்டுப் பூனை.

"பாருங்க டீச்சர், ஊசி இப்போ என்ன சொல்லுது தெரியுமா? உங்க பூனை மாடிப்படியில இறங்குது."

"அது காலையிலேர்ந்து எங்க கட்டில்லதான் சார் படுத்திருக்கு."

"அப்போ இறங்கலாமான்னு யோசிக்குது. அதுங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும்."

ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிராமலேயே சொன்னாள். "வாசல்ல பால்காரர் வண்டி நிக்குது. அந்தச் சத்தத்துக்குத்தான் கத்துது."

பால்காரர் மணி அடித்தார். டைம்கீப்பர் அந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி காலியாக விட்டார்.

இந்த இரண்டு வகையும் அவருக்குச் சிரமமில்லை. சிரமம் கொடுத்தது மூன்றாம் வகை. அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொல்லையில் கொய்யா மரத்துக்கு எதிரே சிமெண்ட் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் மதில். மதிலில் செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து. பொந்துக்குள் இருமல் மிட்டாய் வந்த தகர டப்பா. டப்பாவுக்குள் இருமலுக்குக் காரணமான பொருள்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது மனைவி வெளியே போய் நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். திறந்திருந்த கதவு வழியே அவர் பார்த்தார்; அவள் அழுது அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் திரும்பி வந்ததும், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையால் அவள் கையைப் பிடித்து, "இனிமே தொடமாட்டேன்" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களை நம்பினாள்.

ஐந்து மாதம் தொடவில்லை. ஆறாவது மாதம் ஒரு டிரைவர் நீட்டினார். இப்போது நாளுக்கு மூன்று. வேலை முடிந்து வீடு வந்து, சாப்பிட்டானதும் 2.10. டீ குடித்ததும் 4.25. இருட்டுவதற்கு முன் 6.05. ஒவ்வொரு முறையும் தொட்டிக்குப் பின்னால் குந்தி, ஐந்து இழுப்பில் முடித்து, வாயைக் கொப்பளித்து, கொய்யா இலையைக் கசக்கி விரலில் தேய்த்துக்கொண்டு உள்ளே வருவார். வரும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கமாட்டார். மெஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்.

அணில்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் தீக்குச்சி உரசியதும் இரண்டும் அடிமரத்தில் தலைகீழாக இறங்கி நிற்கும். கண்ணை அவர்மேலேயே வைத்துக்கொண்டு, பின்காலை மரத்தில் உதைத்து, வாலைச் சிலிர்த்து, மூச்சுவிடாமல் கத்தும். அந்தச் சின்ன உடம்பிலிருந்து வருகிற சத்தமா அது! நாலு வீட்டுக்குக் கேட்கும். பட்டனை அவர் கெஞ்சிப் பார்த்தார். "நான்தான், நான்தான்" என்று தோளைக் காட்டினார். பட்டன் தோளைப் பார்த்தது. அதையும் சேர்த்துத் திட்டியது.

இந்தக் கூப்பாட்டைக் கேட்டு மனைவி என்றாவது ஒருநாள் எட்டிப் பார்ப்பாள். அதற்கு முன் ஒரு காரணம் தயாராக இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டில் பாம்பு வந்து சேர்ந்தது. ஒரே பாம்பில் இரண்டு காரியம். கத்தலுக்குக் காரணமும் ஆயிற்று, அவள் கொல்லைக்கு வராமல் காவலும் ஆயிற்று. தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்று திங்கட்கிழமை. மாலை நாலு மணிக்கு மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, கொடியில துணி காயுதே."

"எடுத்துட்டு வாயேன்."

"பாம்பு இருக்குன்னீங்க."

அவர் போய் எடுத்துவந்தார். மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வாளி நிறையத் துவைத்த துணி வாசலில் இருந்தது.

"காயப்போடணுமே. எனக்குப் பயமா இருக்குங்க."

பாத்திரம் தேய்க்கிற மேடை கொல்லையில். செடிக்குத் தண்ணீர் கொல்லையில். குப்பைக்கூடை கொல்லையில். அந்த வீட்டின் பாதி கொல்லையில்தான் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உதறி, நீவி, நீளவாக்கில் மடித்து, சட்டைக் கழுத்தை உட்புறமாகத் திருப்பிக் காயப்போடுவது எப்படி என்று அவள் ஜன்னலிலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். கால் மெஷினில், கண் துணியில், குரல் மட்டும் கொல்லையில்.

"போர்வையை ரெட்டையா மடிக்காதீங்க, நடுவுல ஈரம் நிக்கும்."

"தெரியும்."

"பாம்பு ஏதாவது தெரியுதா?"

"இப்போ இல்ல."

"நேரத்தைக் குறிச்சு வைங்க. எப்போ வருது, எப்போ போகுதுன்னு தெரிஞ்சா யாருக்காவது உதவும்."

நேரத்தைக் குறிச்சு வைங்க! இருபத்தாறு வருஷத்தில் அவள் அவருடைய தொழிலை மதித்துச் சொன்ன முதல் வாக்கியம். அவர் உருகிப்போனார். புதுப்பக்கம் திருப்பி, தலைப்பில் "மூன்றாம் வகை" என்று எழுதி அடிக்கோடிட்டார். திங்கட்கிழமைக் கத்தல் மூன்றையும் நினைவிலிருந்து முதலில் ஏற்றினார். கத்தத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாலின் நிலை. பொய்யான பாம்புக்கு அவர் எழுதிய பதிவு அத்தனையும் உண்மை. கூண்டில் உட்கார்ந்து எழுதுகிற கை அது. அதற்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

இரண்டாவது வாரக் கடைசியில் மனைவி சொன்னாள். "நாளைக்குக் காலையில பாம்பு பிடிக்கிறவர் வர்றார்."

அவர் கையிலிருந்த தலையணை உறை நழுவியது. "யாரு சொன்னா?"

"டீச்சர்தான் கூப்பிட்டாங்க. மதிலுக்கு இந்தப் பக்கம் பாம்புன்னா அந்தப் பக்கம் வர எவ்வளவு நேரமாகும்? அவங்க ஒரு வாரமா சரியாத் தூங்கலையாம்."

"அது போயிடுச்சு."

"போயிடுச்சுன்னு யார் சொன்னது? ஊசியா, பட்டனா?"

"எனக்கே தோணுது."

"இன்னைக்கு ஆறு அஞ்சுக்குக்கூட கத்துச்சே."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாம்பு பிடிப்பவர் வந்தார். கையில் கொக்கி வைத்த நீண்ட கம்பி, தோளில் துணிப்பை, முகத்தில் தூக்கக் கலக்கம். டீச்சர் தன் வீட்டு மாடிப்படியில், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி, எட்டாவது படியில் நின்றாள். மனைவி பின்வாசல் நிலையைத் தாண்டவில்லை.

"எந்த இடத்துல பார்த்தீங்க சார்?"

"பார்க்கல. அணில் சொன்னதை வெச்சு…"

"சரிதான். அணில் பொய் சொல்லாது. எத்தனை மணிவாக்குல?"

மனைவி நோட்டை நீட்டினாள். அவர் தடுப்பதற்குள் அது கை மாறிவிட்டது. பாம்பு பிடிப்பவர் விரல் வைத்துப் படித்தார். அடுத்த பக்கம் திருப்பினார். திரும்பி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"ரெண்டு பத்து. நாலு இருபத்தஞ்சு. ஆறு அஞ்சு. மறுநாளும் ரெண்டு பத்து, நாலு இருபத்தஞ்சு, ஆறு அஞ்சு." நிமிர்ந்தார். "பாம்பு வாட்ச் கட்டியிருக்கா சார்?"

டீச்சர் ஒரு படி இறங்கினாள்.

"சில பாம்புக்கு அந்தப் பழக்கம் உண்டு" என்றார் டைம்கீப்பர்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் காலையில பத்தரைக்கு ஒரு ட்ரிப் கூடுதலாப் போட்டிருக்கீங்க."

"லீவு நாளாச்சே" என்றாள் மனைவி, மெதுவாக.

டீச்சர் இன்னும் இரண்டு படி இறங்கினாள்.

பாம்பு பிடிப்பவர் நோட்டை மூடி மேடைமேல் வைத்தார். கொல்லைக்குள் நடந்தார். கம்பியால் தரையைத் தட்டினார். ஊசி மரத்திலிருந்தபடி அவரைப் பார்த்தது, மீண்டும் கொய்யாப்பிஞ்சைக் கொறித்தது. பட்டன் வாலை முதுகின்மேல் போட்டுக்கொண்டு வெயில் காய்ந்தது.

"அதுங்க நிதானமாத்தானே இருக்கு? சார், நீங்க எந்த இடத்துல நின்னு பார்ப்பீங்க? வந்து காட்டுங்க."

டைம்கீப்பர் படியிறங்கினார். தொட்டியை நோக்கி நாலு அடி வைத்திருப்பார். இரண்டு அணில்களும் அடிமரத்துக்கு வந்துவிட்டன. தலைகீழ். வால் சிலிர்ப்பு. பின்கால் உதை. மூன்றாம் வகை, இலக்கண சுத்தமாக.

"உள்ள போங்க சார்."

போனார். சத்தம் நின்றது.

"வாங்க."

வந்தார். தொடங்கியது.

"இன்னொரு தடவை."

மூன்று முறை போய் வந்தார். நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதாகச் சின்ன வயதில் அவருக்கு ஒரு கனவு வரும். அந்தக் கனவில்கூட யாரும் இப்படி அவரை நடக்கவைத்ததில்லை.

"சார், உங்களைப் பார்த்தா கத்துது?" என்றாள் டீச்சர். அவள் இப்போது கடைசிப் படிக்கே வந்துவிட்டாள்.

"என்னைப் பார்த்து எதுக்குக் கத்தணும்? நான் வளர்த்த பிள்ளை! எனக்குப் பின்னாடி இருக்கிறதைப் பார்த்துக் கத்துது."

சொன்ன பிறகுதான் தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு நினைவு வந்தது.

பாம்பு பிடிப்பவர் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். தொட்டி. மதில். பொந்து.

"அடடே, இதைப் பார்க்கலையே."

"வேண்டாங்க! கடிச்சிடப் போகுது!"

"அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்."

கம்பி உள்ளே போனது. தகரத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் ஆஸ்பத்திரி நடைக்கூடம் தெரிந்தது, நாற்காலி தெரிந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், அவள் மட்டும் உள்ளே போய்விட்டால் போதும் என்று இருந்தது. அவள் போகவில்லை. நிலையிலேயே நின்றாள்.

டப்பா தரையில் விழுந்தது. மூடி தனியே கழன்று உருண்டது.

பித்தான்கள். வெள்ளை, கறுப்பு, நீலம், கோட்டுக்கு வைக்கிற பெரிய மரப் பித்தான் இரண்டு. சிமெண்ட் தரையில் உருண்டு ஓடின.

"அட, என் பட்டன் டப்பா!" மனைவி இறங்கி வந்தாள். "எத்தனை நாளாத் தேடறேன். இங்கே கொண்டுவந்து போட்டிருக்குதுங்க பாருங்க."

"அணிலா?" என்றாள் டீச்சர்.

"வேற யாரு டீச்சர் இந்த வீட்ல ஒளிச்சு வைக்கிறது?"

டீச்சர் சிரித்தாள். இவ்வளவுதானா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு படியேறிப் போனாள். பாம்பு பிடிப்பவர் டப்பாவைக் குனிந்து எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு டைம்கீப்பரை ஏற இறங்கப் பார்த்து, டப்பாவை மனைவியிடம் கொடுத்தார்.

"பாம்பு இல்லம்மா. நான் முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். வரச்சொன்னா வந்து, போகச்சொன்னாப் போற பாம்பை இன்னைக்குத்தான் பார்த்தேன்."

அவர் போன பிறகு வீட்டில் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது. டைம்கீப்பர் தரையில் மண்டியிட்டுப் பித்தான்களைப் பொறுக்கினார். யாரும் பொறுக்கச் சொல்லவில்லை. கடைசிப் பித்தானை டப்பாவில் போட்டபோது கேட்டார்.

"எப்போ மாத்துன?"

"காலையில நீங்க குளிக்கப் போனப்போ."

"பாம்பு இருக்குமேன்னு பயமா இல்லையா?"

"பட்டன் கத்தலையே."

"எப்போலேர்ந்து தெரியும்?"

மனைவி மெஷினை நிறுத்தினாள். ஜன்னல் நிலைக்கும் மெஷினுக்கும் நடுவே சுவரில் ஒரு சாண் இடம். அங்கே தையல் சுண்ணக்கட்டியால் நீலக்கோடுகள். ஐந்தைந்தாக, குறுக்குக்கோடு போட்டு, வரிசை தப்பாமல்.

"நீங்க பாம்பு வந்துச்சுன்னு சொன்ன நாள்லேர்ந்து போட்டது இது. அதுங்க கத்தக் கத்த ஒவ்வொண்ணாப் போட்டேன். எண்ணிப் பாருங்க."

எண்ணினார். நாற்பத்து மூன்று.

"உங்க நோட்டுல எத்தனை?"

எண்ண வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும். "நாப்பது."

"மூணு விட்டுப்போச்சே."

விட்டுப்போகவில்லை. புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை இரண்டு, அளவுக்கு மீறிப் போகிறது என்று தனக்கே கூச்சமாக இருந்ததால் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பதிவேட்டில் ஏறாமல் ஓடிய மூன்று வண்டிகள் அவை. அவள் அவற்றையும் குறித்து வைத்திருந்தாள். அவர் மெஷினின் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரம் நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாமே நீ" என்றார்.

"எதை?"

அவர் பித்தான் டப்பாவை மூடி மெஷின்மேல் வைத்தார். "இனிமே தொடமாட்டேன்" என்றார். கையைப் பிடிக்கத் துணிவில்லை.

அவள் இந்த முறை விரல்களைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்தாள். "அதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பட்டன்கிட்ட சொல்லுங்க. அவளை ஏமாத்த முடியாது."

"சரி. இனி நீ தாராளமா கொல்லைக்கு வரலாம். பாம்புதான் இல்லையே."

"எதுக்கு? நீங்க மடிக்கிற மடிப்புல இப்போ ஒரு சுருக்கம் இல்ல. நல்லாக் கை பழகிடுச்சு."

அன்றிலிருந்து அவர் கொல்லைக்குப் போனது துணிக்காக மட்டும். முதல் நாள் அணில்கள் கத்தின. தீக்குச்சி இல்லை, டப்பா இல்லை, இருந்தும் கத்தின. துணிக் கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் நாளும். ஐந்தாம் நாளும். உள்ளே மெஷின் ஒரு நொடி நிற்கும், பிறகு ஓடும். அந்த ஒரு நொடிக்காகவே அவர் எதையும் தொடவில்லை. கூண்டில் டிரைவர் நீட்டியபோதுகூட பட்டனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தலைகீழாக.

பதினோராம் நாள். 4.25. கொடியில் போர்வையை இரட்டையாக மடிக்காமல் விரித்துக்கொண்டிருந்தவர் நின்றார். சத்தம் இல்லை. மரத்தடிக்குப் போனார். இல்லை. தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, வேண்டுமென்றே பொந்தின் முன் குந்திப் பார்த்தார். அப்போதும் இல்லை. கொய்யா இலைகள் அசையாமல் இருந்தன. ஈரப் போர்வையோடு ஜன்னலுக்கு ஓடினார்.

"கேட்டியா?"

"எதை?"

"கத்தவே இல்ல! என்னை மன்னிச்சிடுச்சு. நேத்தும் கத்தல, இப்போதான் ஞாபகம் வருது. நேத்தே மன்னிச்சிருக்கு!"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் முந்தாநாளே டீச்சர் வீட்டு சப்போட்டா மரத்துக்குக் குடி போயாச்சு."

அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சப்போட்டாக் கிளையில் இரண்டு வால்கள் தொங்கின. ஒன்று லேசாக ஆடியது. அவருக்காக இல்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, காட்டிக்கொடுக்க ஆள் இல்லைன்னு உங்களுக்குத் தைரியம் வந்துடுமேன்னுதான்" என்று சொல்லி, அவள் மெஷினை மிதித்தாள்.